ரத்திக்காரர் வேண்டாம்னு சொன்ன ஆல்பம்

எங்க ஊர்ப் பக்கம், அதாவது சங்கரன்கோவில் பக்கம், போகிக்குப் பழசைக் கொளுத்துற வழக்கமெல்லாம் பெரிசா கிடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிப்போம், அவ்வளவுதான். தங்கமணி செங்கல்பட்டு. அவங்களுக்குப் போகின்னா பழசு வீட்டை விட்டுப் போயே ஆகணும். டோம்பிவிலியில மூணாவது மாடியில உக்காந்துக்கிட்டு எதைக் கொளுத்துறது? சொசைட்டி செக்ரட்டரி நம்மளைக் கொளுத்திடுவார். அதனால எங்க வீட்டுப் போகி, பரணைக் காலி பண்ணி ரத்திக்காரரைக் கூப்பிடுறதோட முடிஞ்சுடும்.

2023 ஜனவரியில அப்படிப் பரணை இறக்கினப்போ மூலையில இருந்து வந்துச்சு 11 ஆல்பம். எல்லாம் நம்ம யூனிட்ல பண்ணது, யாரும் வாங்கிட்டுப் போகாதது. கல்யாண போட்டோ எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, இந்த மாதிரி அனாதை ஆல்பம் நாலஞ்சாவது கையில இருக்கும். பாக்கி கொடுக்க முடியாம வராதவங்க, வேலை மாறி வேற ஊர் போனவங்க, ரெண்டு கேஸ்ல கல்யாணமே நிலைக்கல. அவங்க எதுக்கு ஆல்பம் கேட்டு வரப்போறாங்க?

அடுத்தவங்க வீட்டுப் பொண்ணு போட்டோவை அப்படியே எடைக்குப் போடக்கூடாதேன்னு, பக்கம் பக்கமா கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். கிழியல. எப்படிக் கிழியும்? "கிழியாத ஷீட் சார், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, உங்க பேரப்புள்ளைங்க வரைக்கும் அப்படியே இருக்கும்"னு சொல்லி வித்ததே நான்தானே :-)

ரத்திக்காரர் பேப்பரை எடை போட்டார், அட்டைப் பெட்டியை எடை போட்டார். ஆல்பத்தைக் கையில எடுத்தார், விரல் நகத்தால ஒரு பக்கத்தைச் சுரண்டினார், கீழே வச்சுட்டார். "யே காகஸ் நஹி ஹை சாப், பிளாஸ்டிக் ஹை." சரின்னு பிளாஸ்டிக், இரும்பு எடுக்கிற பங்கார்வாலாவைக் கூப்பிட்டா, அவர் புரட்டிப் பார்த்துட்டு, இதுல அட்டையும் பேப்பரும்ல இருக்கு, எனக்கு ஆகாதுன்னுட்டார். மும்பைல உடைஞ்ச பக்கெட், ஓட்டைக் குக்கர், பல்லுப் போன சீப்பு எல்லாத்துக்கும் ஒரு விலை உண்டு. என் ஆல்பத்துக்கு இல்லை.

தங்கமணி குளியலறை எடை மெஷினைக் கொண்டு வந்து வச்சாங்க. பெட்டியோட சேர்த்து ஒரு ஆல்பம் 7 கிலோ. அவங்கதான் எங்க யூனிட்டுக்குக் கணக்கு. கணக்குப் பார்க்கிறவங்க சும்மா இருப்பாங்களா? "வருஷத்துக்கு 40 கல்யாணம், பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு. அப்போ 560 கிலோ. அரை டன்னுக்கு மேல பண்ணி ஊருக்குள்ள விட்டுட்டிருக்கீங்க"ன்னாங்க. போட்டோக்காரன் தொழில்ல புகையா வருது, சத்தமா வருதுன்னு அதுவரைக்கும் நிம்மதியா இருந்தவன் நான்.

விஷயம் என்னன்னா, இப்போ வர்ற கலர் போட்டோ பேப்பர்ல உள்ளே பேப்பர் இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் பாலிஎத்திலீன் பூசியிருக்கும். கிழியாத ஷீட்னா அந்த பேப்பர்கூட கிடையாது, முழுசும் பிளாஸ்டிக்தான். மேல லேமினேஷன் ஒரு படலம். ரெண்டு ஷீட்டை முதுகோட முதுகு ஒட்டுறதுக்குப் பசை. வெளியில ரெக்ஸினோ அக்ரிலிக்கோ. அதுக்குள்ளே மரத்தூள் அட்டை. இதை வச்சுக்க வெல்வெட் பெட்டி, பெட்டிக்கு ஒரு பை. ஒவ்வொண்ணையும் தனித்தனியா கொடுத்தா யாராவது எடுத்துப்பாங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டினதுக்கப்புறம் காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உருக்கிறவங்களுக்கும் ஆகாது.

கொஞ்சம் கொசுவத்திச் சுருள் சுத்திக்கிறேன். அப்பா ஊர்ல ஸ்டுடியோ வச்சிருந்தார். பின்னாடி ரூம்ல சிவப்பு பல்பு, மூணு தட்டு, ஒரு தண்ணித் தொட்டி. கடைசித் தட்டுல ஹைப்போ. படம் கழுவக் கழுவ, பிலிம்லயும் பேப்பர்லயும் வெளிச்சம் படாத இடத்து வெள்ளி உப்பெல்லாம் கரைஞ்சு அந்த ஹைப்போவுக்குள்ள போயிடும். லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி. அப்பா அதைக் கீழே ஊத்த மாட்டார். கேன்ல பிடிச்சு வைப்பார். மாசம் ஒருதரம் ஒருத்தர் சைக்கிள்ல வந்து காசு கொடுத்து எடுத்துட்டுப் போவார். "வெள்ளி கரைஞ்ச தண்ணிடே, கிணத்தடில சிந்திராத"ன்னு சொல்லுவார். அவருக்குச் சுற்றுச்சூழல் எல்லாம் தெரியாது. காசு வர்ற சாமான், அவ்வளவுதான். ஆனா அந்தக் காசுதான் ஹைப்போவைக் கிணத்துக்குப் போகாம காப்பாத்துச்சு.

அப்போ ஒரு கல்யாணம்னா 36 படம் வர்ற ரோல் ரெண்டு. மூணாவது ரோல் போடணும்னா பொண்ணு வீட்டுல கேட்டுட்டுத்தான் போடணும். கருப்பு அட்டைல நாலு மூலை ஒட்டி, நடுவுல பட்டர் பேப்பர் வச்ச ஆல்பம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அச்சான பேப்பர் நிஜமாவே பேப்பர். நான் ஒரு கல்யாணத்துக்கு 4,000 கிளிக் அடிக்கிறேன். தாலி கட்டுறது மட்டும் 90 படம் இருக்கும். அப்பா ஒண்ணு எடுப்பார். ஃபிளாஷ் அடிக்கலைன்னா போச்சு. பழைய காலம்தான் சொர்க்கம்னு சொல்ல வரல. அப்படி ஃபிளாஷ் அடிக்காமப் போன ரெண்டு கல்யாணத்துக்கு அவர் வாங்கின ஏச்சு எனக்கு ஞாபகம் இருக்கு.

சரி, நம்ம கதைக்கு வர்றேன். கூட்டாளிகிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான். அப்புறம் சுலபமானதுல இருந்து ஆரம்பிக்கலாம்னான்.

சுலபமானது எதுன்னா, காசு மிச்சமாகிறது. ஃபிளாஷுக்குப் போடற பென்சில் செல். நாலு ஃபிளாஷ், ஒண்ணுக்கு நாலு செல், முகூர்த்தத்துல இருந்து ரிசப்ஷன் முடியறதுக்குள்ள ரெண்டு செட்டாவது போகும். அதாவது ஒரு கல்யாணத்துக்கு 32 செல். வருஷத்துக்கு 1,280. இத்தனை வருஷமா அது எங்கே போச்சுன்னு யோசிச்சா வயித்தைக் கலக்குது. பாதி, மண்டபத்துல வாழை இலையோட சேர்ந்து போயிருக்கும். இப்போ சார்ஜ் பண்ற செல்தான். ஐநூறு தடவைக்கு மேல சார்ஜ் பண்ணலாம். செத்ததை ஒரு டப்பால சேர்த்து மின்கழிவு எடுக்கிறவங்ககிட்டக் கொடுக்கிறோம். 2022-ல வந்த பேட்டரி கழிவு விதிகள்படி இந்தச் சின்ன செல்லையும் திரும்ப எடுத்துக்க வேண்டிய பொறுப்பு தயாரிக்கிறவங்களுக்கு உண்டு.

அடுத்தது வீடியோ லைட். எங்ககிட்ட ரெண்டு பழைய ஹாலஜன், ஆளுக்கு 1,000 வாட். 8 மணி நேரம் எரிஞ்சா 16 யூனிட். அதுக்குப் பதிலா 150 வாட் எல்ஈடி ரெண்டு வாங்கினோம், 2.4 யூனிட். நம்ம நாட்டுக் கரண்ட்ல பெரும்பகுதி நிலக்கரியில இருந்து வர்றதால யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு கணக்கு. ஆக, ஒரு கல்யாணத்துக்கு ஒன்பதரை கிலோ மிச்சம். பொண்ணுக்கு ஹோமப் புகையே போதும், இதுல என் ஹாலஜன் சூடு வேற மூஞ்சில அடிச்சு மை வழியும். ஒரு மேக்கப்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க, நிஜமா.

வண்டிதான் பெரிய கணக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. புனேல கல்யாணம்னா போக வர 300 கிலோமீட்டர். பெரிய டீசல் வண்டி 25 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 2.7 கிலோன்னு 67 கிலோ கரியமில வாயு. டீசலே லிட்டர் ஒரு கிலோகூட இல்லையே, அதுல இருந்து எப்படி 2.7 கிலோ வரும்னு கேட்டேன். பத்தாவது படிக்கிற என் பொண்ணு, "காத்துல இருக்கிற ஆக்சிஜன் சேருதுப்பா"ன்னு ஒரு பார்வை பார்த்தா பாருங்க, அவ்வ்வ். முன்னெல்லாம் ஆளுக்கொரு வண்டின்னு மூணு போகும். இப்போ உள்ளூர்னா ஒரே வண்டி, புனேன்னா முதல் நாளே ரயில். கல்யாண்ல ஏறி கல்யாணத்துக்குப் போறோம்னு கூட்டாளி நூறு தடவை சொல்லிட்டான், இன்னும் அவனுக்கு அலுக்கல. ஆனா மாட்டுங்கால விடியற்காலை முகூர்த்தம்னா ரயிலை நம்ப முடியாது. லென்ஸ் பையோட தாதர்ல மாட்டினவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். அங்கெல்லாம் வண்டிதான்.

இதெல்லாம் எங்க கையில இருக்கிறது. நாங்க படத்துக்காகக் கேட்டு வாங்குறது ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. "மேலே பளபளன்னு ஏதாவது தூவினா நல்லா வரும் சார்"னு யார் சொல்றா? போட்டோக்காரன்தான். லோனாவாலா மலை மேல ஒரு கல்யாணத்துக்கு முந்தின ஷூட். வெள்ளிக்கலர் ஜிகினாத் துண்டு நாலு பாக்கெட் ஊதினோம். படம் அபாரம். அடுத்த மாசம் வேற ஜோடியோட அதே இடத்துக்குப் போனா, புல்லு முழுக்க அது அப்படியே கிடக்கு. நடுவுல ஒரு மழைகூட வந்திருந்துச்சு. அந்தப் பையன், "இங்கே யாரோ குப்பை போட்டிருக்காங்க, வேற பக்கம் போகலாம் சார்"னான். நான் ஒண்ணும் பேசல. ஷூட் முடிஞ்சு கூட்டாளியும் நானும் குனிஞ்சு பொறுக்கினோம். கால்வாசிகூட வரல.

மேடைக்குப் பின்னாடி பொண்ணு மாப்பிள்ளை பேரைத் தெர்மகோல்ல வெட்டி ஒட்டுறதும் அப்படித்தான். அலங்காரத்துக்குத் தெர்மகோல் கூடாதுன்னு 2022 ஜூலை 1-ல இருந்து நாடு முழுக்கத் தடை. மகாராஷ்டிரால பிளாஸ்டிக் தடை 2018-லயே வந்தாச்சு. இருந்தும் மண்டபத்துல பார்க்கிறோம். இப்போ புக்கிங் பேசறப்பவே சொல்லிடறேன்: பேரை நான் ஆல்பத்துல போட்டுத் தர்றேன், பின்னாடி வெறும் பூவும் தென்னங்குருத்துத் தோரணமும் இருந்தா முகம் எடுப்பா வரும்னு. இது பொய் இல்லை. வெள்ளைத் தெர்மகோல் பின்னாடி இருந்தா வெளிச்சம் எகிறும், மாநிற முகம் கருத்துப் போகும். நம்ம ஜனங்க சுற்றுச்சூழல்னா மண்டையை ஆட்டிட்டு விட்டுடுவாங்க, பொண்ணு கருப்பா விழும்னா உடனே கேட்டுக்குவாங்க. (இது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனா வேலை நடக்குது.) மாட்டுங்கா பூக்கடைல சொன்னா மல்லியும் சாமந்தியும் முழம் முழமா கட்டித் தருவாங்க. சாயங்காலம் அது மாட்டுக்குப் போகும், உரத்துக்குப் போகும்.

இனி அந்த ஆல்பம். அதுலதான் அடி வாங்கினேன்.

12-க்கு 36 அங்குலம், 40 ஷீட்டுன்னு இருந்ததை 10-க்கு 20, 25 ஷீட்டா குறைச்சோம். பாலிஎத்திலீன் பூசாத மேட் பேப்பர்ல டிஜிட்டல் பிரஸ் அச்சு, லேமினேஷன் இல்லை, பருத்தித் துணி அட்டை, நூல் தையல். பெட்டிக்குப் பதில் துணிப்பை. எடை ஒண்ணேகால் கிலோ. எனக்கு அவ்வளவு சந்தோஷம். செம்பூர்ல ஒரு அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம், திருநெல்வேலிக்காரர், எங்க அப்பாவைக்கூடத் தெரியும். சொல்லாமக் கொள்ளாம புது ஆல்பத்தைக் கொண்டு போய் நீட்டினேன். ஆச்சரியப்படுத்துறாராம்!

அண்ணாச்சி வாங்கினார். எடை பார்க்கிற மாதிரி கையில ஏந்தினார். "இது என்னப்பா தம்பி, டைரி மாதிரி இருக்கு?"

நான் பேப்பர், பிளாஸ்டிக், ரத்திக்காரர் எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். அப்புறம் சொன்னார். "நீ சொல்லுறது எல்லாம் சரியாவே இருக்கட்டும். அவங்க வீட்ல மூத்த மருமக ஆல்பம் பொட்டி மாதிரி இருக்கு. ரெண்டு பேரு தூக்கணும். எம் பொண்ணு இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுட்டுப் போயி எப்படி வைப்பா? நான் காசு குறைச்சலாவா குடுத்தேன்?"

பதில் இல்லை. அவர் கொடுத்த காசு முழுசு. ஆல்பத்தோட கனம் அந்த வீட்டுல அந்தப் பொண்ணோட கனம். என் 560 கிலோ கவலைக்கு அவர் பொண்ணு எதுக்கு மாமியார் வீட்டுல பேச்சு வாங்கணும்? கேட்காம முடிவு பண்ணது என் தப்பு. பழைய மாடல்லயே பெரிசு ஒண்ணு அடிச்சுக் கொடுத்தேன், என் செலவுல. அந்தச் சின்னதை அவர் திருப்பித் தரல. "இது இங்க இருக்கட்டும், உங்க அக்கா பார்த்துக்கிட்டிருப்பா"ன்னார். இப்பவும் அவங்க வீட்டு டீவி பக்கத்துல அதுதான் இருக்கு. பெரிசு பீரோ மேல பெட்டிக்குள்ள இருக்குன்னு கேள்வி.

அதுக்கப்புறம் ரெண்டையும் மேசைல வச்சுட்டுக் கேட்கிறோம். பேப்பர் எங்கே போகும், பிளாஸ்டிக் எங்கே போகும்னு ஒருதரம் சொல்றதோட சரி. பத்துக்கு ஆறு பேர் சின்னது எடுக்கிறாங்க. இந்த ஊர் வீட்டுல இடம் இல்லைங்கிறதுதான் முக்கியக் காரணம்! ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வேணாம், ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னதுன்னு சொல்றவங்களும் உண்டு.

காசு விஷயமும் சொல்லிடறேன். பெரிய ஆல்பத்துக்கு லேப்ல 9,000 கொடுத்து, 18,000 வாங்குவோம். எங்க லாபமே அதுலதான். படம் எடுக்கிற கூலி பேருக்குத்தான். ஆல்பம் சின்னதானா லாபம் சின்னதாகும், அதனால எடுக்கிற கூலியை ஏத்தினோம். முதல் வருஷம் 40 கல்யாணம் 31 ஆச்சு. பக்கத்துத் தெரு யூனிட் கூலி கம்மின்னு போயிட்டாங்க. தங்கமணி அந்த வருஷம் தீபாவளிக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாங்க. போன வருஷம் 36. இன்னும் 40 வரல.

இன்னொண்ணு, மும்பை மழை. லேமினேஷன் இல்லாத பேப்பர் நாலு மாச ஈரத்துல பூசணம் பூக்கும். ரெண்டு ஆல்பம் அப்படித் திரும்பி வந்துச்சு. இப்போ துணிப்பைக்குள்ள ஈரம் உறிஞ்சுற பாக்கெட் போட்டு, வெயில் வந்ததும் ஒருநாள் விரிச்சு வைங்க, வத்தல் காயப்போடற மாதிரின்னு சொல்லிக் கொடுக்கிறோம். முறுக்குத் தின்ன கையோட தொடாதீங்கன்னும் சொல்றோம். அதை யாரும் கேட்கிறதில்லை.

அந்த 11 அனாதைங்க என்னாச்சுன்னு கேட்பீங்களே. பழைய நோட்டைப் புரட்டி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். நாலு பேர் வந்து எடுத்துக்கிட்டாங்க. சில நம்பர் இல்லவே இல்லை. ஒரு அம்மா அம்பர்நாத்ல இருந்து வந்தாங்க. 2014 கல்யாணம். கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் அவங்க வீட்டுக்காரர் போயிட்டார், அதான் பாக்கி கொடுக்க முடியல. 6,500 ரூபாயை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க, ஒன்பது வருஷம் கழிச்சு.

ஆல்பத்தைத் திறந்து மெதுவா புரட்டினாங்க. நடுவுல, அவர் தாரை வார்த்துக் கொடுக்கிற பக்கம். நின்னுட்டாங்க. "இவ்வளவு பெரிசை வைக்க வீட்டுல இடம் இல்ல தம்பி. பொண்ணு சூரத்ல இருக்கா. இந்த ஒரு பக்கத்தை மட்டும் தர முடியுமா?"

புதுசா ஒரு பிரிண்ட் போட்டுத் தர்றேம்மான்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்போதான் ஞாபகம் வந்துச்சு, அதுக்கு முந்தின மாசம்தான் பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் அழிச்சு மின்கழிவுக்குக் கொடுத்திருந்தேன். அதுவும் நம்ம சுத்தப்படுத்துற வேலைல சேர்த்தி. ஹார்ட் டிஸ்க் சேர்ந்துக்கிட்டே போகுதேன்னு. 2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை கொட்டினப்போ, தரைத்தள வீட்டுக்காரங்க எத்தனை பேர் ஆல்பம் போய் நெகட்டிவ் கேட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவா அலைஞ்சாங்கன்னு தெரிஞ்சும், எனக்குப் புத்தி வரல. இப்போ ஒரு கல்யாணத்துக்கு 300 படம் பொறுக்கி, சின்ன சைஸ்ல எப்பவும் வச்சிருக்கோம். மிச்சத்தை ஒரு வருஷம் கழிச்சு, போன் பண்ணிக் கேட்டுட்டு அழிக்கிறோம்.

வேற வழியில்லாம கட்டர் பிளேடு எடுத்தேன். கிழியாத ஷீட். ஸ்கேல் வச்சு நாலு தடவை இழுத்தப்புறம்தான் வந்துச்சு. பின்பக்கம் பந்தி போட்டோ ஒட்டியிருந்துச்சு, அதோடவே கொடுத்தேன். மடிக்காம இருக்க ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டினாங்க தங்கமணி. பணம் நான் வாங்கல. வாங்கியிருக்கணுமோன்னு அப்புறம் தோணுச்சு. ஒன்பது வருஷமா மனசுல வச்சிருந்த கடனைக் கொடுக்கத்தானே அவங்க வந்தது.

மிச்ச 39 ஷீட்டும், வராதவங்க ஆல்பம் ஆறும் பரணில்தான் இருக்கு. இந்தப் போகிக்கும் ரத்திக்காரர் வேண்டாம்னுட்டார். இந்த மாதிரி ஒட்டின பேப்பரும் பிளாஸ்டிக்கும் எடுத்துக்கிற இடம் மும்பைலயோ தானேலயோ யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. கொண்டு வந்து கொடுக்கிறது என் பொறுப்பு. ரயில்லதான் வருவேன் :-)